நடுத்தொட்டியில் தாய்மாமன்

மார்ச் 4

பனாமா. நங்கூரம் போட்டாயிற்று. கால்வாய்க்கு வெளியே, பசிபிக் பக்கம், கண்ணுக்கு எட்டிய வரை கப்பல்கள் நிற்கின்றன. ரேஷன் கடை வாசலில் பை போட்டு வைத்த மாதிரி வரிசை. நம் முறை வரப் பத்து நாளாவது ஆகும் என்கிறார் கேப்டன் தேஷ்பாண்டே. மேலே இருக்கும் ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டதாம். அதனால் ஒரு நாளைக்கு விடும் கப்பல்களையும் குறைத்துவிட்டார்களாம்.

நிற்கிற கப்பலில் எல்லாருக்கும் பசி அதிகம். ஓடுகிற கப்பலில் பாதிப் பேர் தூங்குவார்கள். நின்றுவிட்டால் சமையலறை வாசலில் வந்து மூடியைத் திறந்து பார்ப்பார்கள். இன்றைக்கே மூன்று பேர் பார்த்தார்கள்.

ஏற்றியிருப்பது சிலி நாட்டு உப்பு. அமெரிக்காவில் பனி விழும் சாலைகளில் கொட்டுவதற்காம். தூத்துக்குடிக்காரன் ஒருவனைச் சமையல்காரனாக வைத்துக்கொண்டு, இவர்கள் உப்பை வேறு ஊரில் ஏற்றுகிறார்கள். சொல்லி என்ன ஆகப்போகிறது.

மார்ச் 5

நகரம் பக்கத்தில் இருப்பதால் போனில் சிக்னல் கிடைக்கிறது. வீட்டிலிருந்து என் மனைவி டெல்பின் பேசினாள். மகள் ஜெஸ்லினுக்குக் கல்யாணப் புடவை எடுத்தாயிற்று. மே மாதம் முதல் வாரம் கல்யாணம். ஈஸ்டர் முடிந்ததும் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க ஆரம்பிப்பார்கள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் வந்தாள் விஷயத்துக்கு.

"அண்ணன் கப்பல் அமெரிக்காவுலருந்து கெளம்பியாச்சாம். சோளம் ஏத்திட்டு கொரியா போகுதாம். பனாமா வழியாத்தான்."

"போகட்டும்."

"நீங்களும் அங்கனதான நிக்கீங்க."

"நிக்கேன். இங்கன நெறய பேரு நிக்கான்."

அவள் அண்ணன் கஸ்பார். என் மச்சான். 'லேடி ஒரியானா' என்ற கப்பலில் போசன். தளத்து வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவன். அவனோடு நான் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

"ஒரு போன் போட்டுக் கூப்பிட்டுத் தொலைக்கேன், விடு" என்றேன்.

"போன்ல கூப்பிட்டா சோறு திங்க வருவாங்க. தாய்மாமனா வரமாட்டாங்க. பொண்ணப் பெத்தவன் நேருல போயி, தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழம் வச்சுக் கூப்பிடணும். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எங்கள் குடும்பங்களில் பெண்ணைக் கோயிலுக்குள் கூட்டிப்போவது தாய்மாமன்தான். அப்பன் பின்னால்தான் வருவான். டெல்பின் போய் அண்ணன் மனைவியை அழைத்துவிட்டாள். கஸ்பார் சொல்லி அனுப்பிய பதில் ஒன்றே ஒன்று: தொபியாஸ் என் முகத்தைப் பார்த்துக் கூப்பிடட்டும்.

எங்கே போய் முகத்தைப் பார்ப்பது? நான் ஏப்ரலில் ஊருக்குப் போகிறேன். அவன் இந்தக் கால்வாயைத் தாண்டிவிட்டால் செப்டம்பர் வரை கரை இறங்க மாட்டான். அவன் கப்பலில் ஆள் மாற்றுவதென்றால் இங்கே பனாமாவில் மாற்ற வேண்டும். அதை விட்டால் ஒப்பந்தம் முடியும் செப்டம்பர்தான்.

சரி, அவன் வராவிட்டால் வேண்டாம். என்ன குறைந்துபோயிற்று? என் தம்பி இருக்கிறான், கூட்டிப்போவான்.

மார்ச் 6

வெள்ளிக்கிழமை. தவக்காலம். எனக்கு மட்டும் கஞ்சி. மற்றவர்களுக்குக் கோழி. சமையலறை உதவியாளர் ரோமலின் போனில் கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் ஒரு செயலி இருக்கிறது. சும்மா பார்த்தேன். 'லேடி ஒரியானா' கியூபாவுக்குத் தெற்கே.

மார்ச் 8

ஞாயிறு. பிரியாணி போட்டேன். இரண்டாவது முறை வந்து வாங்கியவர்கள் அதிகம். உப்பு ஒரு கை கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது.

ஜெஸ்லின் பேசினாள். அவளோடு பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் அடைத்துவிடும். அப்படி ஒரு நிதானம் அந்தப் பிள்ளைக்கு.

"அப்பா, மாமா வரலேன்னா கல்யாணத்தத் தள்ளி வச்சிருங்க."

"பத்திரிக அடிச்சாச்சு பிள்ள."

"அடிச்சா என்ன. மாமா கையப் பிடிக்காம நான் கோயில் படி ஏறமாட்டேன். மாப்பிள்ள வீட்ல நானே பேசிக்கிடுதேன். செப்டம்பர்ல வைப்போம், இல்ல அடுத்த வருஷம் வைப்போம்."

"அவங்க காத்திருக்கணும்ல."

"காத்திருக்கலேன்னா போட்டும்."

அவள் அப்படிச் சொன்னால் அப்படித்தான். அழுது சொல்கிற பிள்ளையாக இருந்தால் சமாளித்துவிடலாம். இவள் கணக்கு வாத்தியார் மாதிரி சொல்கிறாள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அவனுக்கு லீவு மே மாதத்தில் மட்டும்தான். தள்ளி வைத்தால் அது நின்றுபோன கல்யாணம்தான்.

அவளுக்கு மாமன் மேல் அவ்வளவு ஒட்டுதல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் கடலில் இருந்த மாதங்களில் எல்லாம் அவன் கரையில் இருப்பான். அப்படி முறை விழுந்தது. பள்ளிக்கூடத்தில் விட்டது, சைக்கிள் வாங்கிக் கொடுத்தது, டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தது எல்லாம் அவன்.

அதெல்லாம் சரி. பெட்டியை மூடினவனும் அவன்தான்.

மாமா, அதாவது டெல்பினின் அப்பா, இறந்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன். அப்பன் இல்லாத எனக்கு, சமையல்காரன் என்று தெரிந்தும், மகளைக் கொடுத்த மனுஷன். நான் ஊருக்கு வந்தால் துறைமுக வாசலில் வந்து நிற்பார். கப்பலை விட்டு இறங்கி, விமானம் பிடித்து, மதுரையிலிருந்து கார் பிடித்து, தெரு முனையில் இறங்கும்போது கோயில் மணி அடிக்கிறது. வீட்டுக்குள் ஓடினால் பெட்டிக்கு ஆணி அடித்தாயிற்று. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் காத்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். தொறங்க என்று நான் கத்தினேன். கஸ்பார் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்கையில் சொன்னான்: "தொறக்க முடியாது. ஒருத்தனுக்காக எல்லாரும் காத்துக்கெடக்க முடியாது."

அன்றைக்கு மாமாவைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டுத் திரும்பினதோடு சரி. அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

மார்ச் 9

மாலையில் கேப்டன் டீ குடிக்கச் சமையலறைக்கே வந்தார். கால்வாயில் கப்பல் எப்படிக் கடலை விட்டு ஏரிக்கு ஏறுகிறது என்று கேட்டேன். நான் இதுவரை இரண்டு முறை இந்த வழியாகப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். இரண்டு கடலுக்கும் நடுவே ஓர் ஏரி. ஏரி உயரத்தில் இருக்கிறது, கடல் கீழே. நடுவே படிக்கட்டு மாதிரி சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னும் பின்னும் இரும்புக் கதவு. கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டு, மேலேயிருந்து தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவார்கள். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் ஏறும். அடுத்த தொட்டித் தண்ணீரும் இதுவும் ஒரே மட்டம் ஆனதும் முன்கதவைத் திறப்பார்கள். அந்தப் பக்கம் இறங்குவதும் இதே கதைதான், தண்ணீரைக் கீழே வடித்துவிடுவார்கள். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது, அவ்வளவுதான்.

"அந்தத் தண்ணீர் பிறகு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போய்விடும்."

"நல்ல தண்ணீரா?"

"குடிக்கிற தண்ணீர்."

எங்கள் தெருவில் லாரி வருகிற நாளில் ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கண்மாயைக் கடலில் கவிழ்க்கிறார்கள். ஏரி ஏன் குறையாது?

அப்புறம் அவர் இன்னொன்று சொன்னார். தொட்டிகள் இரண்டு வரிசையாக, பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவே ஒரு சுவர். சில நேரம் ஒரு வரிசையில் கப்பல் இறங்கும்போது மற்ற வரிசையில் எதிர்க் கப்பல் ஏறும்.

"பக்கத்துப் பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கம்?"

"எதிர்க் கப்பலில் இருப்பவன் மூக்குத்தி போட்டிருந்தால் தெரியும்" என்றார்.

சும்மா கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 10

'லேடி ஒரியானா' அட்லாண்டிக் பக்கம் வந்து நங்கூரம் போட்டுவிட்டது. நடுவே மலையும் ஏரியும். முட்டைக் குழம்பு.

மார்ச் 11

பாத்திரம் கழுவும் தொட்டிகள் இரண்டையும் அடைத்து, ஒன்றில் நிறையத் தண்ணீர், மற்றதில் கால்வாசி விட்டேன். இரண்டிலும் ஒவ்வோர் எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்கவிட்டேன். நிறைந்த தொட்டியின் அடைப்பைப் பிடுங்கி, மற்றதில் குழாயைத் திறந்தேன். ஒரு கிண்ணம் இறங்குகிறது, ஒரு கிண்ணம் ஏறுகிறது. நடுவில் ஒரு கணம் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

ரோமல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் பிலிப்பைன்ஸ்காரர். "சீஃப், உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். மச்சான் கதையைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

அந்தச் சமமான கணத்தில் கூப்பிட வேண்டும். நான் மேலே இருந்தால், பெரிய மனுஷன் மாதிரி குனிந்து கூப்பிட்டான் என்பான். நான் கீழே இருந்தால் அதைவிட மோசம். என் மாமா முகத்தைப் பார்க்க விடாதவனை நான் அண்ணாந்து பார்த்துக் கூப்பிடுவதா? அது நடக்காது. கண்ணுக்குக் கண் சமமாக இருக்கும்போது சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். ஜெஸ்லினுக்காக.

மார்ச் 12

தேதி வந்துவிட்டது. எங்களுக்கு 14. ரோமல் தன் செயலியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அவர்களுக்கும் 14 போலத்தான் தெரிகிறது என்றார். நாங்கள் அட்லாண்டிக் பக்கத்துத் தொட்டிகளில் இறங்கப்போவது சாயங்காலம். அவர்கள் அதே தொட்டிகளில் ஏறத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். நடந்தாலும் நடக்கலாம்.

கேப்டனிடம் போய்ச் சொன்னேன். தளத்தில் நிற்க அனுமதி வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கால்வாய்க்குள் நான் கேப்டனே இல்லை, தெரியுமா? கால்வாயின் வழிகாட்டி, பைலட், ஏறியதும் கப்பல் அவருடையது. உலகத்தில் இங்கே மட்டும்தான் இப்படி. நீ நிற்கலாம். கப்பலை இழுத்துக் கட்டும் கம்பிகள் பக்கம் போகாதே. எதையும் வெளியே எறியாதே. பைலட் சாப்பாடு தாமதமாகக் கூடாது."

டெல்பினிடம் சொல்லவில்லை. நடக்காமல் போனால் அவள் அழுவதை யார் கேட்பது.

மார்ச் 13

தாம்பாளம் தேடினேன். மீன் பரிமாறும் நீளத் தட்டுதான் இருக்கிறது, போதும். வாழைப்பழம் இருக்கிறது. எலுமிச்சை இருக்கிறது. வெற்றிலைக்கு எங்கே போக? பிரிஞ்சி இலை வைத்தேன். பாக்குக்குப் பதில் ஜாதிக்காய் இரண்டு. கற்கண்டுக்குச் சர்க்கரைக் கட்டி. பத்திரிகை போனில் மட்டும் இருப்பதால், மெனு எழுதும் அட்டையின் பின்பக்கத்தில் அது முழுவதையும் கையால் எழுதினேன். 'தாய்மாமன்' என்று வரும் இடத்தில் அவன் பெயரைப் பெரிதாக எழுதினேன். அது முறை, அதனால் எழுதினேன்.

எங்கே நிற்பது என்றும் யோசித்தாயிற்று. போசன் வேலை கப்பலின் மூக்கில். நங்கூரமும் முன்பக்கக் கயிறுகளும் அவன் பொறுப்பு. கஸ்பார் மூக்கில்தான் நிற்பான். ஆகவே நானும் எங்கள் கப்பலின் மூக்குக்குப் போக வேண்டும்.

மார்ச் 14

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடியும்போது பைலட் ஏறினார். நரைத்த மீசை, பெரிய தொப்பி. அவருக்குப் பின்னால் கயிறு பிடிக்கும் கால்வாய் ஆட்கள் ஒரு கூட்டம். அவர்களுக்கும் நம் சாப்பாடுதான். கோழிச் சோறும் பருப்பும் பொழுது விடியும் முன்பே இறக்கிவிட்டேன்.

முதல் தொட்டிகளில் ஏறும்போது வாசலுக்கு வந்து பார்த்தேன். இரண்டு பேர் ஒரு சின்னத் துடுப்புப் படகில் வந்து கயிற்றை வாங்கிப் போனார்கள். இவ்வளவு பெரிய கப்பலுக்கு அந்தப் படகுதான் இன்னும். சுவரின் மேல் தண்டவாளத்தில் இஞ்சின்கள் கம்பி கட்டி, இரண்டு பக்கமும் கப்பலை நடுவில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தன. அவற்றுக்குக் கோவேறு கழுதை என்று பெயராம். மணி அடித்துக்கொண்டே ஏறுகின்றன. கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டால் கை திரும்பாது, அவ்வளவுதான் இடம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் கீழே போனது. கப்பல் ஏறுவதாகவே தெரியவில்லை, ஊர்தான் இறங்கியது.

பிறகு மலையை வெட்டிய வாய்க்கால். அப்புறம் ஏரி. ஏரிக்குள் முங்கிப்போன காட்டின் மரக்கட்டைகள் இன்னும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. மதியம் பைலட் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, இன்னும் மிளகாய் இருக்கிறதா என்று ஆள் அனுப்பினார். அனுப்பினேன். நல்ல மனுஷன்.

சாயங்காலம் அந்தப் பக்கத்துத் தொட்டிகள் வந்தன. மூன்று படி இறக்கம். ரோமல் ஓடிவந்தார். "சீஃப், பக்கத்து வரிசையில் கீழேயிருந்து ஒரு கப்பல் ஏறி வருகிறது. உங்கள் மச்சானின் கப்பல்தான்."

ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. தாம்பாளத்தைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு மூக்குக்கு நடந்தேன். உப்புக் கப்பலின் தளம் நீளமானது. ஆறு மாதமாக இந்தக் கப்பலில் இருந்தும் நான் மூக்குவரை போனது இதுதான் முதல் தடவை. போய், சுவர்ப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியோரம் நின்றேன்.

முதல் தொட்டியில் இறங்கினோம். கதவு திறந்தது, நடுத்தொட்டிக்குள் நுழைந்தோம். அதே நேரம் பக்கத்து நடுத்தொட்டிக்குள் 'லேடி ஒரியானா' நுழைகிறது. எங்கள் கப்பலை விட ஒரு மாடி உயரம் கீழே அதன் தளம். அதன் மூக்கு என்னை நோக்கி வந்தது. அங்கே ஆரஞ்சுச் சட்டையில், முன்னால் தள்ளிய வயிற்றோடு ஓர் ஆள். நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

வாயைத் திறந்தேன். அந்த மூக்கு நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பக்கத்தில் இப்போது அவர்களுடைய தானியக் கிடங்கின் மூடிகள். பிறகு அவர்கள் கப்பலின் பின்பக்கம் வந்தது. அங்கே யாரோ ஒரு சமையல்காரன் குப்பைக் கூடையோடு நின்று என்னை வேடிக்கை பார்த்தான்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. எதிரும் புதிருமாக வருகிற கப்பல்கள். என் மூக்குக்குப் பக்கத்தில் அவன் வால் இருக்கும். அவன் மூக்கு என் வாலுக்குப் பக்கத்தில் இருக்கும். என் வாலில் என்ன இருக்கிறது? என் சமையலறை. நான் என் அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தால் அவன் நேராக வந்து என் முன்னால் நின்றிருப்பான். இத்தனை வருஷம் கப்பலில் வேலை பார்த்தவன் என்று வெளியே சொல்லாதே தொபியாஸ்.

ஓடினேன். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் கால்வாய் ஆள் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். கம்பி விறைப்பாக இருக்கிறது, இந்தப் பக்கம் போகாதே என்றார் அவர் பாஷையில். சுற்றி மறுபக்கம் போய், கிடங்கு மூடிகளைத் தாண்டி, வாழைப்பழம் ஒன்று விழுந்து, அதை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். ஓடும்போதே கால் அடியில் தளம் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் அவன் ஏறிக்கொண்டிருக்கிறான். அந்தச் சமமான கணம் நான் நாலாம் நம்பர் கிடங்கு பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வந்து போய்விட்டது.

அடுப்படி வாசலுக்கு வந்து நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். என்னை விட மேலே. கப்பலின் மூக்குத் தளம் மற்றத் தளத்தை விட ஓர் ஆள் உயரம் கூடுதல் என்பதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சமமான கணத்திலும் அவன் மேலேதான் நின்றிருப்பான். கிண்ணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான்.

தலை முழுக்க நரைத்திருந்தது அவனுக்கு. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் இன்னும் உயர்ந்துகொண்டிருந்தான்.

அண்ணாந்தேன். வேறு வழி இல்லை. தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"மச்சான். ஜெஸ்லினுக்குக் கல்யாணம். நீங்க வரணும்."

கழுதை இஞ்சின் மணி அடித்தது. அவன் காதில் கையை வைத்தான்.

"கேக்கல மாப்ள. சத்தமாச் சொல்லும்."

அவனுக்குக் கேட்டிருக்கும். என்னைப் படுத்துவதற்கென்றே சொன்னான். இருக்கட்டும். தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஜெஸ்லினுக்குக் கல்யாணம் மச்சான். மே மாசம். நீங்க வந்துதான் பிள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அப்பன் கூப்பிடுதேன். நேருல கூப்பிடுதேன்."

சுவரில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலே பைலட்டும் கேப்டனும் எட்டிப் பார்த்தார்கள். கஸ்பார் குனிந்து எறிகயிற்றை எடுத்தான். நுனியில் முடிச்சுப் பந்து கட்டிய கயிறு. ஒரு சுழற்று. சுவரைத் தாண்டி வந்து என் காலடியில் விழுந்தது. அவன் எறிந்து தவறி நான் பார்த்ததில்லை.

தட்டில் இருந்ததை எல்லாம் மாவுப் பையில் போட்டுக் கட்டிவிட்டேன். அவன் இழுத்தான். பை சுவருக்கு மேலே ஆடிக்கொண்டே போனபோது சுவரில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே, கம்பியில் மாட்டாமல் அதைக் கையால் தள்ளிவிட்டார். கேப்டன் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. நான் எதையும் எறியவில்லை, எறிந்தது அவன்.

பையைப் பிரித்தான். பிரிஞ்சி இலையை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"இது என்னவே, பிரியாணிக்குப் போடுதது?"

"வெத்தல கெடைக்கல மச்சான்."

அட்டையை எடுத்துப் படித்தான். நெடுநேரம் படித்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். மறுபக்கம் வியாழக்கிழமை மெனு. பிறகு அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தான். அந்தக் கால்வாயில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால்தான் அவன் அதை அங்கே சொன்னான் என்று நினைக்கிறேன். அத்தனை பேர் நடுவில், கத்திச் சொன்னான்.

"மாப்ள, அன்னைக்கு ஐஸ் பெட்டி வேல செய்யல. ராத்திரி முழுக்கக் கரண்டு இல்ல. ஜெனரேட்டரும் கெட்டுப்போச்சு. அப்பா மொகம் நீரு பாக்குற மாதிரி இல்லவே. நாங்க பாத்துட்டோம், எங்களுக்கு இன்னும் கண்ணுல நிக்கி. நீராவது அவர நல்லபடியா நெனச்சிருக்கட்டும்னுதான் மூடச் சொன்னேன்."

நான் அண்ணாந்தபடியே நின்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மச்சான்."

"சொன்னா அத நெனச்சே செத்துருவீரு. எம் மேல கோவப்பட்டுட்டுக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆறு வருஷம். அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே இல்லை போல, வெங்காயம் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சொன்னான். நான்தான் ஏப்ரனால் முகத்தைத் துடைத்தேன். துடைத்தாலும் நிற்கவில்லை. சுவரில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார், யாரோ இறந்த செய்தி என்று நினைத்திருப்பார். ஒரு வகையில் அவர் நினைத்ததும் சரிதான்.

"வருவீங்களா மச்சான்?"

"என்ன கேள்விவே இது. தாய்மாமன் வராம எவன் வருவான்?"

அவன் பக்கம் மணி அடித்தது. அவர்கள் கதவு திறந்தது. 'லேடி ஒரியானா' நகர்ந்தது. அவன் கையை ஆட்டவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டு மேலே போனான். நாங்கள் கீழே இறங்கினோம், கடலுக்கு.

கேப்டன் இரவுச் சாப்பாட்டுக்கு வந்ததும், கால்வாய்க்குள் கயிறு போட்டு விளையாடியதற்காக நன்றாகத் திட்டினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "வருகிறாரா?" என்று கேட்டார்.

"வருகிறார் சார்."

"சரி" என்று போனார்.

மார்ச் 15

அட்லாண்டிக். அலை இருக்கிறது. கரை மறைவதற்குள் டெல்பினிடம் பேசிவிட்டேன். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. கஸ்பார் பசிபிக் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். நாளைக்கு அங்கேயே கப்பலை விட்டு இறங்குகிறானாம்.

"அதெப்படி ஒரே நாள்ல விடுவான்?" என்றேன். "மாத்து ஆளு வரணும், டிக்கெட்டு போடணும், எவ்வளவு வேல இருக்கு."



"அண்ணன் போன மாசமே கேப்டன்ட்ட கேட்டு வாங்கிருச்சாம். மாத்து ஆளு பனாமாவுல வந்து காத்துக்கிட்டு இருக்கானாம்."

"நான் கூப்பிடுததுக்கு முன்னாலயேவா?"

"ஆமா. நீங்க கூப்பிடலேன்னா, கோயிலுக்கு வெளிய நின்னு பிள்ளையப் பாத்துட்டுப் போயிருப்பேன்னு சொல்லுச்சு."

ஐஸ் பெட்டி விஷயம் அவளுக்கும் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் இருந்தவள்தானே. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஜெஸ்லின் பின்னாலிருந்து, "அப்பாட்ட தேங்க்ஸ் சொல்லுங்க" என்று சொன்னது கேட்டது. போனை வாங்கி அவளே சொல்லியிருக்கலாம், மாட்டாள்.

பைலட்டுக்கு மிளகாய் அனுப்பியதில் பச்சை மிளகாய் தீர்ந்துவிட்டது. அடுத்த துறைமுகத்தில் வாங்க வேண்டும். பிரிஞ்சி இலையும்.

காலையில் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது கழுத்து வலித்தது. இரவு ஏதும் கோணலாகப் படுத்தேனோ என்று யோசித்தேன். அண்ணாந்து நின்றதுதான். ரோமல் தைலம் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், இருக்கட்டும்.